முள் இல்லாத நாலு பட்டைக் கள்ளி: உப்புக்காத்துல பூக்குமா?

9 ஜூன் 2024: உச்சிப்புளி வாசகர் கேட்டது

எங்க கொல்லையில பனைமரத்தடியில ரொம்ப நாளா ஒரு செடி. நாலு பட்டை, முள் கிடையாது, சாம்பல் பூத்த பச்சை. ஒரு கிளையை ஒடிச்சு தொட்டியில வச்சேன், தளதளன்னு வளருது. பூ மட்டும் இல்ல. ஒரு நர்சரியில போட்டோ காட்டினா, "ஸ்டபீலியா, ஆப்பிரிக்கச் செடி, உப்புக்காத்து அடிக்கிற ஊர்ல பூக்காது"ங்கிறார். சரியா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

9 ஜூன், ராத்திரி

காத்து மேல பழி போட வேணாம். எனக்கு மண்டபம். மாடியில நின்னா கடல் தெரியும், ஆடி மாசம் துணி காயப்போட்டா உப்புப் பிசுபிசுப்போடதான் எடுக்கணும். அந்த மாடியில ஸ்டபீலியா பூக்குது.

ஆனா உங்க செடி ஸ்டபீலியாதானான்னே எனக்குச் சந்தேகம். பனைமரத்தடியில அதை யாரு கொண்டாந்து நட்டா? நுனியில நகத்தால லேசா ஒரு கீறல் போட்டுப் பாருங்க. வெள்ளைப் பால் வந்தா அது சதுரக்கள்ளிக் கூட்டம். உடனே கையைக் கழுவிடுங்க, அந்தப் பால் கண்ணுல பட்டா ஆஸ்பத்திரிக்குத்தான் ஓடணும். நிறமில்லாம தண்ணியா கசிஞ்சா வேற ஆளு.

11 ஜூன்

பால் இல்லைங்கிறீங்க. அப்ப இது எருக்குக் குடும்பம். வேடிக்கை என்னன்னா எருக்கை ஒடிச்சா பால் பீறிடும், அதே குடும்பத்துல பிறந்த இந்தச் சதைப்பத்துக்காரங்களுக்குப் பாலே கிடையாது.

நம்ம கரையில காட்டோரமா கிடைக்கிறது பெரும்பாலும் ரெண்டு. ஒண்ணு கள்ளிமுளையான், புத்தகப்பேரு கராலூமா அட்செண்டென்ஸ். சுண்டுவிரலை விட மெலிசு, மேல போகப் போக கூம்பி வால் மாதிரி நீளும். அந்த வாலுல ஒண்ணொண்ணா, தலையைத் தொங்கப் போட்டு பூக்கும். ரெண்டாவது அதைவிட நல்ல தடிமன், கட்டைவிரல் அளவு இருக்கும், நுனியில ஒரே கொத்தா பூக்கும். அது கராலூமா அம்பெல்லாட்டா, இப்ப பௌசெரோசியா அம்பெல்லாட்டான்னும் எழுதுறாங்க.

உங்க போட்டோவுல தடிமன் தெரியல, பக்கத்துல ஒரு ரூபாய்க் காசு வச்சு எடுங்க. அப்பவும் பூவைப் பார்க்காம நான் பேரு வைக்க மாட்டேன். தண்டை மட்டும் பார்த்து அடிச்சுச் சொல்றவங்க இந்தக் குடும்பத்துல நிறைய அசடு வழிஞ்சிருக்காங்க.

11 ஜூன், கொஞ்ச நேரம் கழிச்சு

மேல எழுதினதுல முக்கியமானது விட்டுப்போச்சு. கள்ளிமுளையான் நுனி மெலிஞ்சு நீள்றதைப் பார்த்து, வெயில் பத்தாம இழுத்துக்கிட்டுப் போகுதுன்னு நினைச்சு நிறைய பேர் கிள்ளிடறாங்க. வெயில் பத்தாத செடி வெளிறி சாயும். பூக்கப் போறது அடியில திடமா, நுனி மட்டும் ஊசியா, நல்ல நிறத்தோட நிமிர்ந்து நிக்கும். கத்திரிக்கோலைக் கீழ வைங்க, பூ அதுலதான் வரணும்.

12 ஜூன்

கீழக்கரை காக்கா (அண்ணன்) கேட்டதுக்கு: ஆமா, உடம்பு மெலியன்னு மாத்திரையா விக்கிறது கள்ளிமுளையானோட சொந்தக்காரனைத்தான். நம்ம ஊர்ல ஆடு மேய்க்கிறவங்க பசிக்குப் பச்சையாவே கடிச்சிருக்காங்க. மாத்திரை வேலை செய்யுமான்னு டாக்டர்கிட்ட கேளுங்க, நான் பூவுக்காக வளர்க்கிறவன்.

தின்னு பார்க்கறதா இருந்தா காலையிலயும் சாயங்காலமும் ஒவ்வொரு துண்டு கடிச்சுப் பாருங்க. காலையில புளிப்பு தூக்கலா இருக்கும். இந்தச் செடிங்க பகல்ல வாயை மூடிக்கிட்டு ராத்திரிதான் காத்தை உள்ள வாங்கும், வாங்கினதை அமிலமா சேமிச்சு வச்சு பகல் வெளிச்சத்துல செலவழிக்கும். இதை நாக்காலேயே கண்டுபிடிச்சது பெஞ்சமின் ஹெய்ன், சென்னை மாகாணத்துல வேலை பார்த்த தாவரவியல்காரர். ரணகள்ளி இலையைக் காலையில மென்னா புளிப்பு, மத்தியானம் சப்புன்னு இருக்குன்னு அவர் எழுதின கடிதம் 1815-ல அச்சாச்சு. அது ஏன்னு விஞ்ஞானத்துக்குப் புரிய அதுக்கப்புறம் நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு.

23 ஜூன்

காத்து காரணமில்லன்னா என்னதான் காரணம்னு ரெண்டு மூணு பேர் கேட்டுட்டாங்க. தண்ணி.

நம்ம போர் தண்ணியை ஒரு டிடிஎஸ் மீட்டர்ல (தண்ணியில கரைஞ்ச உப்பை அளக்கிற கருவி) விட்டுப் பாருங்க. எங்க வீட்டுல 1,800-ஐ ஒட்டி நிக்கும், கோடையில அதுக்கும் மேல. தொட்டி விளிம்புல வெள்ளையா ஒரு படிவு கட்டுதா, அதுதான். செடி சாகாது, இந்த ஜாதிக்கு அழுத்தம் அதிகம். ஆனா வேர் நுனி கருகும், புதுத் தண்டு வராது. பூ வர்றது புதுத் தண்டுலதான். தளதளன்னு இருக்கு பூக்கலைங்கிற புகாருக்கு இந்தக் கரையில பாதிக்குப் பாதி இதுதான் பதில்னு நினைக்கிறேன்.

மழைத்தண்ணியை டிரம்ல பிடிச்சு மூடி வைங்க. அது தீர்ந்துட்டா ஏசி குழாயில சொட்டுற தண்ணி. காத்துல இருந்த ஈரம் குளிர்ந்து இறங்கினது, உப்பே இருக்காது. எங்க வீட்டு ஏசி ஒரு ராத்திரிக்கு ஒரு வாளி கொடுக்குது, கரண்ட் பில்லுக்கு அந்த மட்டும் ஆறுதல்.

ஆர்ஓ மெஷின் வெளியே தள்ற தண்ணியைச் செடிக்கு ஊத்தறவங்க தயவுசெஞ்சு நிறுத்துங்க. குடிக்கிற தண்ணியில இருந்து பிரிச்ச உப்பு பூரா அதுலதான் இருக்கு. போர் தண்ணியை விட மோசம்.

24 ஜூன்

"அப்ப உமரி எப்படி உப்பளத்துலேயே வளருது?"ன்னு கேட்டிருக்கார் தொண்டி தம்பி. நல்ல கேள்வி. உமரி உப்பை உள்ளேயே வாங்கி, தண்டு இலைச் சதையில பூட்டி வச்சு, அந்த உப்போட பலத்துலேயே மண்ணுல இருந்து தண்ணியை இழுக்குது. கோடையில சிவந்து போய் நிக்குமே, அப்பவும் உயிரோடதான் இருக்கு. கள்ளிமுளையானுக்கு அந்த வித்தை கிடையாது. ரெண்டும் சதைப்பத்துதான். ஒண்ணு உப்புக்குப் பிறந்தது, இன்னொண்ணு வறட்சிக்குப் பிறந்தது. ஒரே தட்டுல வச்சு ஒரே வாளியில ஊத்தாதீங்க.

(உமரியைக் கீரையா கடையறவங்க உப்பு போடாம கடைங்க.)

2 ஜூலை

தொட்டி மேல அழகுக்குப் பவளத்துண்டு போட்ட படம் ஒருத்தர் போட்டிருக்கார். பார்க்க நல்லாத்தான் இருக்கு. உடனே எடுத்துடுங்க. பாறை கட்டுற பவளம் அத்தனையும் 2001-லேயே வனவிலங்குச் சட்டத்தோட முதல் அட்டவணைக்குப் போயாச்சு, புலிக்கு உள்ள அதே பாதுகாப்பு. கரையில செத்துக் கிடந்ததுதானேங்கிற பேச்சு எடுபடாது. மன்னார் வளைகுடாத் தீவுகள் 1986-ல இருந்து தேசியப் பூங்கா, அங்க இருந்து ஒரு கிளை, ஒரு கல்லு எதுவும் வரக்கூடாது.

சட்டத்தை விட்டாலும் செடிக்கும் அது ஆகாது. பவளம்னா சுண்ணாம்பு. நம்ம தண்ணி ஏற்கனவே கார பக்கம், மேல சுண்ணாம்பும் சேர்ந்தா இரும்புச் சத்து மண்ணுல இருந்தும் வேருக்கு ஏறாது, புதுத் தண்டு மஞ்சளடிக்கும்.

மேல போட ஓட்டாஞ்சில்லு போதும். பழைய நாட்டு ஓடு உடைச்சது நம்ம பக்கம் இல்லாத வீடா? மண் கலவையில எனக்குப் பாதி சிப்ஸ் ஜல்லி, மீதியில செம்மண், ஓட்டாஞ்சில்லு, கரித்துண்டு. கரி நம்ம மாவட்டத்துல கருவேல மூட்டம் போடுற எந்த ஊர்லயும் மலிவு. ஆனா மூட்டத்துக் கரியில சாம்பல் ஒட்டியிருக்கும், தண்ணி தெளியிற வரைக்கும் அலசிட்டுப் போடுங்க. கடற்கரை மணல் சேர்க்கிறவங்களுக்கு நான் சொல்ல ஒண்ணுமில்ல.

20 ஜூலை

எச்செவேரியா பத்தி. பெங்களூர்ல இருந்து ரோஜா அடுக்கு மாதிரி வாங்கிட்டு வந்தது மூணாம் மாசம் அழுகிப் போச்சுன்னு பாம்பன் அக்கா வருத்தப்பட்டிருக்காங்க. அக்கா, நீங்க ஒண்ணும் தப்புப் பண்ணல. அது மெக்சிகோ மலைச்செடி, பகல் வெயிலைத் தாங்கும், ராத்திரி குளிரணும். ஜூன் பன்னண்டாம் தேதி எழுதினதைத் திரும்பப் பாருங்க: ராத்திரிதான் அது மூச்சு வாங்குற நேரம். நம்ம ஊர்ல மே, ஜூன் ராத்திரி 27, 28 டிகிரி, அதுல அது வாயையே திறக்காது. பட்டினி கிடக்கும். அந்த நேரத்துல வாடுதேன்னு நாம தண்ணி ஊத்துறோம், அழுகுது.

பூ விஷயத்துலயும் இதே கணக்குதான். ரெபூட்டியா மாதிரி மலைக் கள்ளிங்களுக்குக் குளிர்காலம் ஒண்ணு கழிஞ்சாதான் மொட்டு வரும். பாம்பன்ல ஜனவரி ராத்திரியே 20-க்குக் கீழ இறங்கறது அபூர்வம். காசைக் கொட்டாதீங்க. ஆஸ்ட்ரோஃபைட்டம், ஜிம்னோகேலிசியம் ரெண்டும் நம்ம சூட்டுக்கு மறுக்காம பூக்கும். அடீனியத்தைச் சொல்லவே வேணாம், ராமேஸ்வரத்துல டீக்கடை வாசல்ல எண்ணெய் டின்னுல கூட பூத்துக் கிடக்கு.

என்னைக் கேட்டா, நம்ம வேலியிலேயே இருக்கிற கள்ளிமுளையானை விட்டுட்டு ஊட்டிச் செடிக்கு ஐஸ் வாட்டர் ஊத்திக்கிட்டு இருக்கிறது வீண் வேலை. (ஐஸ் கட்டி வைக்கிறவங்க இருக்காங்க. பேர் சொல்ல மாட்டேன்.)

4 ஆகஸ்ட்

சப்பாத்திக்கள்ளியில வெள்ளைப் பஞ்சு ஒட்டியிருக்குன்னு சாயல்குடியில இருந்து படம். அந்தப் பஞ்சை நகத்துல நசுக்குங்க. ரத்தச் சிவப்பா வந்தா அது சாயப்பூச்சி, கொச்சினீல். தற்செயலா வந்ததில்ல, நம்மதான் கூப்பிட்டு விட்டோம். சப்பாத்தி தென்னாட்டுல நிலத்தையெல்லாம் மூடிக்கிட்டு வந்தப்ப, 1926-ல இலங்கையில இருந்து இந்தப் பூச்சியைக் கொண்டாந்து விட்டாங்க, சில வருஷத்துலேயே காடு காடா சாய்ஞ்சுது. இன்னைக்கு வேலியோரம் அங்கொண்ணு இங்கொண்ணா மட்டும் பார்க்கிறோம்னா இதுவும் ஒரு காரணம்.

உங்களுக்கு அந்த மஞ்சப் பூ வேணும்னா வேகமா தண்ணி பீச்சி அடிச்சு, பழைய பல் பிரஷ்ல சோப்புத்தண்ணி தொட்டுத் தேய்ங்க. மத்த கள்ளிக்குப் பரவுமோன்னு பயம் வேணாம், இது சப்பாத்தி வகையறாவை விட்டு நகராது. நசுக்கினா சிவப்பு வராத பஞ்சு வேற, அது மாவுப்பூச்சி. அதுக்குப் பயப்படணும். தொட்டியைக் கவுத்து வேரையும் பாருங்க, வேர்ல ஒளியிற ஒரு ஜாதி உண்டு.

15 செப்டம்பர்

என் ஸ்டபீலியா ஜைகான்டியா இன்னைக்கு விரிஞ்சுது. காத்தடைச்ச பலூன் மாதிரி இருந்த மொட்டு, காலையில அஞ்சு மடலா வெடிச்சு, என் விரிச்ச கையை விடப் பெரிசு. வெளிர் மஞ்சள்ல மெல்லிய சிவப்பு வரி, குறுக்குக் குறுக்கா, விளிம்பு பூரா வெள்ளை முடி. கிட்டப் போய் மூக்கை வச்சேன். செத்த எலி.

அழுகின கறின்னு ஈயை ஏமாத்தத்தான் அந்த நாத்தம். ஈ முட்டையே வச்சிட்டுப் போயிடும், புழு பொரிச்சுப் பட்டினியில சாகும். பூவோட நடுக்குழியில ஈ காலை விட்டுத் தடுமாறும்போது மகரந்தம் தூளா ஒட்டாது, ரெண்டு மெழுகுப் பொட்டலம் ஒரு கிளிப்போட சேர்ந்து காலைக் கவ்விக்கும். அடுத்த பூவுல அதே மாதிரி ஒரு பிளவுல அது சரியா மாட்டணும். எருக்கம்பூவுலயும் இதே பூட்டுதான், அங்க வண்டு.

வேற ஊரா இருந்தா பக்கத்து வீட்டுக்காரங்க சண்டைக்கு வந்திருப்பாங்க. எங்க தெருவுல கருவாடு காயுது. நாத்தம் எங்க இருந்து வருதுன்னு யாருக்கும் புரியல, கருவாட்டுக்காரம்மா மட்டும் தன் சரக்குல ஏதோ கெட்டுப்போச்சுன்னு ரெண்டு தடவை புரட்டிப் போட்டாங்க. நான் வாயைத் திறக்கல.

16 செப்டம்பர்

"கள்ளிமுளையானை ஆனி, ஆடியில தண்ணி இல்லாம காய வச்சு அப்புறம் மழையில விடுறோமே, ஸ்டபீலியாவுக்கும் அப்படி நிறுத்தணுமா?"ன்னு கேள்வி. வேணாம். காய வச்சு மழையில விடுறது நம்ம நாட்டுக் கள்ளிமுளையானுக்கு, அதுக்குப் பழக்கமே அந்தக் கணக்குதான். ஸ்டபீலியாவுக்குக் கோடை பூரா மேல் மண் காய்ஞ்சதும் ஊத்திக்கிட்டே இருக்கணும், பொழுது குறுக ஆரம்பிக்கும்போது மொட்டு வரும். மொட்டு வந்த பிறகு ஒரு தடவை சுருங்க விட்டாலும் உதிர்த்துடும். நடுவுல இருக்கிற கிழட்டுத் தண்டு பூக்காது, ஓரத்து இளந்தண்டுகளை எடுத்து, வெட்டுவாயை ஒரு வாரம் நிழல்ல காய வச்சு, புதுசா நட்டா அடுத்த வருஷம் பூக்கும். பழைய தொட்டியை அப்படியே பத்து வருஷம் வச்சிருக்கிறவங்க இதை முதல்ல செய்யுங்க.

6 அக்டோபர்

உச்சிப்புளிக்காரர் படம் பார்த்தீங்களா எல்லாரும்! ஏசி தண்ணிக்கு மாத்தி, புதுத் தண்டு ரெண்டு வந்து, தண்டோட உச்சியில உருண்டையா ஒரு மொட்டுக்கொத்து. காசு பக்கத்துல வச்சு எடுத்த படத்துல தண்டு கட்டைவிரல் கனம். நுனி கூம்பல. நான் சொல்லலாமா? இன்னும் விரியட்டும்.

13 அக்டோபர்

விரிஞ்சாச்சு. கருஞ்சிவப்பு, அதுல மஞ்சள் கோடு, சதைப்பிடிப்பா அஞ்சு மடல் நட்சத்திரம், ஒரு பந்து பூரா. அம்பெல்லாட்டாதான். ஆப்பிரிக்காவும் இல்ல, ஸ்டபீலியாவும் இல்ல, உங்க பனைமரத்தோட பழைய குடித்தனக்காரர்.

நர்சரிக்காரரையும் ரொம்பக் கேலி பண்ணாதீங்க. கள்ளிமுளையானை ராக்ஸ்பரோங்கிற தாவரவியல்காரர் 1795-ல சோழமண்டலக் கரைச் செடிகள் புத்தகத்துல வர்ணிச்சப்ப அவரே ஸ்டபீலியான்னுதான் போட்டார். 1810-ல ராபர்ட் பிரௌன்னு இன்னொரு தாவரவியல்காரர் கராலூமான்னு பிரிச்சார். இதெல்லாம் அடங்கினதுக்கு அப்புறம் 2017-ல ஒரு குழு மரபணுவைப் பார்த்துட்டு ஸ்டபீலியா, கராலூமா, ஹுயெர்னியா அத்தனையையும் செரோபீஜியான்னு ஒரே பேருக்குள்ள தள்ளிடுச்சு. ஒத்துக்கிட்டவங்க உண்டு, ஒத்துக்காதவங்க உண்டு. என் தொட்டிச் சீட்டுல பழைய பேரே இருக்கு, பெயிண்ட் விலை கூடிப்போச்சு.

22 நவம்பர்

இருபதாம் தேதி மழை. ராமேஸ்வரத்துல ஒரே நாள்ல 40 சென்டிமீட்டருக்கு மேல. எங்க மாடியில தண்ணி போற குழாயை வேப்பிலை அடைச்சு, தொட்டிகள் கணுக்கால் தண்ணியில. எல்லாரும் பத்திரமா இருக்கீங்களா, அதை முதல்ல எழுதுங்க. செடி அப்புறம்.

24 நவம்பர்

நனைஞ்ச தொட்டிக்கு இப்ப செய்யறது: தட்டை எடுத்துட்டு செங்கல் மேல ஏத்தி வைங்க, காத்து அடியில போகணும். தண்டை அடியில விரலால அமுக்குங்க. கெட்டியா இருந்தா தொடாதீங்க. கொழகொழன்னு இருந்தா கருப்பு தெரியாத இடம் வரைக்கும் மேல ஏத்தி வெட்டுங்க, உள்ள ஒரு பழுப்புப் புள்ளி கூட இருக்கக்கூடாது, ஒவ்வொரு வெட்டுக்கும் பிளேடைத் துடைங்க. வெட்டுவாயில கரித்தூள் தடவி நிழல்ல போடுங்க. வெயில்ல போட்டா வெந்துடும்.

என்கிட்ட போனது பூரா தேங்காய்நார்க் கலவையில வந்த கடைச்செடிங்க. ஜல்லியில இருந்தது அப்படியே நிக்குது. பனைமரத்தடியில இருக்கிற தாய்ச்செடி எப்படி இருக்கு, உச்சிப்புளி?

1 டிசம்பர்

தாய்ச்செடி மூணு நாள் தண்ணியில நின்னும் ஒண்ணும் ஆகலையாம். மணல் மேடு, இறங்கிடுச்சு. அதோட இந்த ஒரு மழை தொட்டியில கட்டியிருந்த உப்பையும் கழுவிடுச்சு. என் டிரம்ல இருக்கிற மழைத்தண்ணி மீட்டர்ல 30 காட்டுது. அடுத்த மே மாசம் வரைக்கும் இதை எப்படிக் காப்பாத்துறதுன்னுதான் யோசனை, கொசு வராம வலை கட்டியிருக்கேன்.

19 ஜனவரி 2025

ரெட்டைக் கொம்பு மாதிரி ஏதோ முளைச்சிருக்கு, நோயான்னு உச்சிப்புளி கேக்கிறார். நோய் இல்லைங்க, காய். ஒரு பூவுல ரெண்டு காய் ஜோடியா நிமிர்ந்து வரும், அடீனியத்துலயும் எருக்குலயும் பார்த்திருப்பீங்களே.

எனக்கு மாடியில காய் பிடிக்கவே பிடிக்காது. கீழே கருவாடு காயிற பக்கமா வச்ச தொட்டியில பிடிக்குது. ஈ அதிகம்கிறதால இருக்கலாம். கருவாட்டு வாடையைத் தேடி வர்ற ஈ வழியில பூவையும் விசாரிச்சிட்டுப் போகுது போல.

20 ஜனவரி

காய் பழுக்க மாசக்கணக்காகும், அவசரப்பட்டுப் பறிக்காதீங்க. பச்சை வெளிறி பழுப்பு ஏறும்போது ஒரு நைலான் துணியைச் சுத்தி நூல் கட்டிடுங்க, இல்லைன்னா ஒரு நாள் மத்தியானம் வெடிச்சு, பஞ்சோட விதை சோழகக் காத்துல இலங்கைக்கே போயிடும். பஞ்சைப் பிச்சிட்டு, ஈர ஜல்லித்தூள் மேல படுக்க வச்சு, மேல மண் மூடாம ஒரு கண்ணாடி மட்டும் போடுங்க. புது விதை ஒரு வாரத்துக்குள்ள முளைக்கும். பழசானா வீரியம் குறைஞ்சுடும், அதனால டப்பாவுல சேர்த்து வைக்காதீங்க, கேக்கிறவங்களுக்குக் கொடுத்துடுங்க.

என்கிட்ட ஸ்டபீலியா தண்டு வேணுங்கிறவங்க மாசி மாசம் மண்டபம் வந்து வாங்கிக்கலாம். கூரியர் கிடையாது, போன தடவை ஒரு வாரம் பெட்டியில கிடந்து கூழாப் போய்ச் சேர்ந்துச்சு. பதிலுக்கு எனக்குக் கள்ளிமுளையான்ல விளிம்பு முடி உள்ள வகை வேணும், வேலியில இருந்து பிடுங்கினது வேணாம், தொட்டியில வளர்த்ததுல ஒரு கிளை.